சுவரில் ஏறிய சமுத்திரம்: கடல்வாழ் உயிரினச் சுவர்ப்படங்களும் இல்ல அலங்காரமும்

1. ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய, ஆஸ்திரியக் கல்விக்கூடங்களில் விலங்கியல் போதிப்பதற்கென்று கல்லச்சில் பதிப்பிக்கப்பெற்று, துணியில் ஒட்டப்பெற்று, மேலும் கீழும் மரக்கோல் கோக்கப்பெற்று, பாடவேளையில் விரித்துத் தொங்கவிடப்பட்டும் பாடம் முடிந்தபின் சுருட்டி மூலையில் வைக்கப்பட்டும் வந்த சுவர்ப்படங்கள், இன்று மேனாட்டு நகரங்களின் வரவேற்பறைகளில் நிரந்தரமாக இடம்பிடித்திருக்கின்றன. அவற்றுள்ளும் சொறிமீன், கணவாய், கடற்சாமந்தி, நட்சத்திரமீன், பவளம் முதலிய கடல்வாழ் உயிரினங்களின் படங்களுக்கே ஏற்றம் அதிகம். மூலப்படங்கள் பழம்பொருள் வணிகரிடம் விலைபோகின்றன. மூலத்தை வாங்க இயலாதவர்க்குப் பிரதிகளும், பழமையின் சாயலை வேண்டுமென்றே ஏற்றிப் புதிதாக வரையப்பட்டவையும் கிடைக்கின்றன.

இம்மாற்றத்தைப் பற்றி இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. சாஸ்திரத்தின் உபகரணமாக இருந்த ஒன்று வெறும் அலங்காரப் பொருளாகத் தாழ்ந்துவிட்டது என்பது ஒன்று. கல்விக்கூடங்களே வேண்டாமென்று ஒதுக்கியவற்றை இல்லங்கள் ஏற்றுக் காப்பாற்றின என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவனபோல் தோன்றினும், ஒரு விஷயத்தில் உடன்படுகின்றன: அப்படங்கள் முதலில் தூய சாஸ்திரமாக இருந்தன, அலங்காரம் என்பது பின்னர் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்பதை இரு சாராரும் ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றனர். அவ்வாறு ஏற்பது சரிதானா என்பதையும், சரியன்று எனின் இல்லச் சுவருக்கு மாறியதில் உண்மையாக நேர்ந்த இழப்பு யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சுவர்ப்படம் தோன்றிய சூழல்

படத்தின் வாயிலாகப் போதிக்கும் முறை புதிதன்று. கொமேனியஸ் என்னும் கல்வியாளர் 1658-இல் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட படப்பாடநூல் ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கியது. சொல்லுக்கு முன் காட்சி வேண்டும் என்னும் கொள்கையைக் கல்வியாளர் பெஸ்டலோட்ஸி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வலியுறுத்தினார். ஆயினும், கையில் வைத்துப் பார்க்கும் புத்தகப்படம் வேறு. அறுபது எழுபது மாணவர் அமர்ந்த கூடத்தில் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரியவேண்டிய படம் வேறு. கல்வி பரவி வகுப்புகள் பெருத்தபின்னரே இரண்டாவது வகைக்குத் தேவை ஏற்பட்டது. அத்தேவையை நிறைவேற்றும் ஆற்றலை அளித்தது கல்லச்சு.

பவேரியாவில் ஸெனஃபெல்டர் 1790-களின் இறுதியில் கண்டுபிடித்த இம்முறையில், வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்பு மையினால் சித்திரம் தீட்டி, கல்லை நீரால் நனைத்து, பின்னர் அச்சுமை தடவுவர். நனைந்த இடம் மையை ஏற்காது, சித்திரம் மட்டும் ஏற்கும். வண்ணம் வேண்டுமாயின் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனியே ஒரு கல். செதுக்குவோன் இடையில் வராமல் ஓவியனுடைய கோடே நேராகத் தாளில் இறங்குவதனால், மென்மையான நிழலையும் பளிங்கு போன்ற உடலையும் காட்டுவதற்கு இதனினும் ஏற்ற முறை அன்று இருக்கவில்லை. இதற்கு உகந்த கல் கிடைத்த இடம் பவேரியாவின் ஸோல்ன்ஹோஃபன். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆழமற்ற கடற்கழியாக இருந்த அவ்விடத்தில் படிந்த நுண்ணிய சேறே அக்கல்லாக இறுகியது. எலும்பும் ஓடும் இல்லாத சொறிமீன்களின் பதிவுகள்கூட அதில் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை 1866-இல் விவரித்துப் பெயரிட்டவர், பின்னர் சொறிமீன் சித்திரங்களால் உலகப் புகழெய்திய ஏர்ன்ஸ்ட் ஹெக்கல். சொறிமீனின் உருவத்தை முதலில் இயற்கை பதித்து வைத்த கல்லிலேயே மனிதரும் அதனைப் பதித்தனர்.

கடல்வாழ் உயிரினங்கள் இப்படங்களில் அத்துணை மிகுதியாக இடம்பெற்றமைக்கு ஒரு காரணம் உண்டு. லைப்ஸிக், யேனா, வியன்னா முதலிய கல்வி நகரங்கள் கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளவை. முயலையோ தவளையையோ மேசைமேல் வைத்து அறுத்துக் காட்டலாம். சொறிமீனை அவ்வாறு காட்டுதல் இயலாது. சாராயத்தில் இட்ட சொறிமீன் நிறமிழந்து, சுருங்கி, உருவமற்ற வெண்ணிறக் கட்டியாக ஜாடியின் அடியில் கிடக்கும். ஆன்டன் டோர்ன் 1872-இல் நேப்பிள்ஸில் நிறுவிய கடலாராய்ச்சி நிலையத்தில் ஸல்வடோரே லோ பியாங்கோ என்பார் மென்மையான உடல்கொண்ட கடலுயிர்களை உருக்கெடாமல் பதப்படுத்தும் முறைகளைக் கண்டு 1890-இல் வெளியிட்டார். ஆயினும் நிறமும் பளிங்குத் தன்மையும் அவராலும் முழுதும் காக்கப்படவில்லை. ஆகவே, எந்த உயிரைப் பிரத்தியட்சமாகக் காட்ட இயலவில்லையோ அதற்கே படம் இன்றியமையாததாயிற்று. இக்காரணத்தை நினைவில் இருத்துதல் நலம். அழகு பற்றிய கேள்விக்கு விடை காண்பதற்கு இது பின்னர்ப் பயன்படும்.

3. மூன்று மரபுகள்

இத்துறையில் தலையாயவர் ருடால்ஃப் லாய்கார்ட் (1822–1898). லைப்ஸிக் சர்வகலாசாலையில் விலங்கியல் பேராசிரியராக இருந்த இவர், ஹின்ரிக் நிட்ஷ என்பாருடன் சேர்ந்து 1877 முதல் காஸெல் நகரின் தியோடோர் ஃபிஷர் பதிப்பகத்தின் வாயிலாக விலங்கியல் சுவர்ப்படங்களை வெளியிடத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் காலக்கிரமத்தில் வெளிவந்தன. லாய்கார்ட்டுக்குப்பின் லைப்ஸிக் பீடத்தை ஏற்றவரும், 1898–99-இல் வால்டிவியா என்னும் கப்பலில் ஆழ்கடல் ஆராய்ச்சிப் பயணத்தை நடத்தியவருமான கார்ல் கூன் அப்பணியிற் பங்குகொண்டார். ஒவ்வொரு படமும் ஒரு மீட்டர் அகலத்தை ஒட்டியது. அதில் ஓர் உயிரின் முழுவடிவம் மட்டுமன்றி அதன் குறுக்குவெட்டு, கருவளர்ச்சி, இளம்பருவங்கள், நுண்ணோக்கியில் தெரியும் திசுக்கள் ஆகியனவும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். உறுப்புக்களை எழுத்துக்குறிகள் சுட்டும். அக்குறிகளின் பொருள் படத்துடன் வழங்கப்பட்ட தனிச் சிறுநூலில் இருக்கும். இப்படங்கள் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. லாய்கார்ட்டிடம் பயின்று 1878-இல் பட்டம் பெற்ற சார்லஸ் ஓடிஸ் விட்மன், 1888-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அவ்வாய்வக நூலகத்தில் இப்படத்தொகுதி ஒன்று இன்றும் பேணப்படுகிறது.

இரண்டாமவர் வியன்னாவில் பள்ளியாசிரியராக இருந்த பவுல் ஃபுர்ட்ஷெல்லர் (1855–1927). இவர் 1902 முதல் வெளியிட்ட படங்கள் நாற்பதுக்குச் சற்றுக் குறைவானவை. அவற்றைத் தாமே வரைந்தார். லாய்கார்ட்டின் படம் ஒரு நூலின் பல பக்கங்களை ஒருங்கே விரித்தாற்போன்றது. ஃபுர்ட்ஷெல்லரோ ஒரு தாளில் ஒன்றிரண்டு பெரிய உருவங்களை மட்டும் நிறுத்தி, தோலை ஒருபுறம் நீக்கி உள்ளுறுப்புக்களைக் காட்டி, மற்றவற்றை வெற்றிடமாகவே விட்டார். தூரத்திலிருந்து பார்க்கும் மாணவனுக்காகச் செய்த இவ்வேற்பாடே இன்றைய இல்லச் சுவருக்கும் பொருந்திவிட்டது.

மூன்றாவது, 1890-களில் டார்ம்ஸ்டாட் நகரில் தோன்றிய யுங், கோக், குவென்டெல் என்னும் மூவரின் தொகுதி. இதன் தனித்தன்மை கறுப்புப் பின்னணி. வெண்தாளில் வரைந்த சொறிமீனுக்கு விளிம்பு தெரிய வலியக் கோடிட வேண்டும். கறுப்பில் வரைந்தாலோ, இருண்ட நீரில் ஒளிபட்டாற்போல் அதன் பளிங்குடல் தானே விளங்கும். இக்கறுப்பு, வகுப்பறையில் எளிதாகத் தெரியவேண்டும் என்னும் உபயோகத்தின்பொருட்டு வந்தது. ஆயினும், இன்று அலங்காரத்திற்கென்று விற்பனையாகும் பிரதிகளில் மிகுதியாகக் காணப்படுவது இத்தொகுதியே. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னும் டூசெல்டார்ஃபின் ஹாகமான் பதிப்பகம் இவற்றை வெளியிட்டு வந்தது. ஆதலின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழம்பொருள் என்று மதித்து வாங்கப்படுபவற்றுள் உண்மையில் 1950-களின் அச்சும் கலந்திருத்தல் இயல்பு.

4. அழகு வெளியிலிருந்து வந்ததா?

அலங்காரம் பிற்காலத்துச் சேர்க்கை என்னும் கொள்கையை இனி சோதித்தல் வேண்டும். கடல்வாழ் உயிரினச் சித்திரங்களின் சரித்திரம் அதற்கு இடந்தரவில்லை.

முதற் சான்று கண்ணாடியிலிருந்து கிடைப்பது. டிரெஸ்டனில் வாழ்ந்த லியோபோல்ட் ப்ளாஷ்கா என்னும் கண்ணாடிக் கலைஞர் 1863-இல் அந்நகரின் இயற்கைப் பொருட்காட்சிசாலைக்காகக் கடற்சாமந்திகளைக் கண்ணாடியில் வடித்துக் கொடுத்தார். அவருக்கு ஆதாரமாயிருந்தவற்றுள் ஒன்று, ஆங்கில இயற்கையறிஞர் ஃபிலிப் ஹென்றி காஸ் 1860-இல் வெளியிட்ட கடற்சாமந்தி நூலின் வண்ணப்படங்கள். காஸ் தாமே 1850-களில் இங்கிலாந்தில் பரவிய கண்ணாடித் தொட்டி மோகத்திற்கு முதன்மையான காரணராக இருந்தவர். செல்வர் வீட்டுக் கூடத்தில் கடற்சாமந்தி வளர்ப்பது அக்காலத்தில் நாகரிகமாயிற்று. ஆகவே, பொருட்காட்சிசாலைக்கு ப்ளாஷ்கா வடித்த உருவங்களுக்கு முன்னோடிகளாக நின்றவை, வரவேற்பறை அலங்காரமாக ஏற்கெனவே மதிக்கப்பட்டிருந்த உயிரினங்களின் படங்கள். பின்னர் லியோபோல்டும் அவர் மகன் ருடால்ஃபும் உலகெங்குமுள்ள கல்விக்கூடங்களுக்கு இவ்வுருவங்களை அனுப்பினர். கார்னெல் சர்வகலாசாலை 1885-இல் ஒரு பெருந்தொகுதியை வாங்கியது. இங்கே நடந்த பயணம் கூடத்திலிருந்து வகுப்பறைக்கு. நாம் இன்று காண்பதற்கு நேர்மாறானது.

இரண்டாவது சான்று ஹெக்கல் (1834–1919). 1859–60-இல் மெஸ்ஸினாவில் தங்கி, கண்ணுக்குப் புலப்படாத ரேடியோலேரியா என்னும் கடல் நுண்ணுயிர்களின் கண்ணாடி எலும்புக்கூடுகளை வரைந்து, 1862-இல் நூலாக்கினார். சாலஞ்சர் என்னும் ஆராய்ச்சிக் கப்பல் 1872–76-இல் திரட்டி வந்தவற்றை ஆராய்ந்து 1887-இல் அவர் வெளியிட்ட அறிக்கை ஆயிரக்கணக்கான புதிய இனங்களை விவரிக்கிறது. இவ்வாராய்ச்சியின் முடிவில் தோன்றியதே, 1899 முதல் 1904 வரை பத்துப் பத்துப் படங்களாக வெளிவந்த 'இயற்கையின் கலைவடிவங்கள்' என்னும் நூறு படங்களின் தொகுதி. கல்லில் அவற்றை இறக்கியவர் அடால்ஃப் கில்ட்ஷ். இத்தொகுதி பொதுமக்களையும் கலைஞரையும் கருதி வெளியிடப்பெற்றது. அதற்கு முன்பே, யேனாவில் தாம் கட்டிய வீட்டிற்கு 'மெடூஸா இல்லம்' என்று பெயரிட்டு, அதன் விதானத்தில் சொறிமீன் உருவங்களைத் தீட்டுவித்து வாழ்ந்தார். அவர் பெயரிட்ட சொறிமீன்களுள் ஒன்று, 1864-இல் இறந்த அவர் முதல் மனைவி அன்னா ஸேதேயின் நினைவைத் தாங்கி நிற்கிறது. கடல் உயிரினத்தைத் தம் வீட்டு அலங்காரமாக்கிய முன்னோடிகளுள் ஒருவர் அதனை ஆராய்ந்த விஞ்ஞானியே என்பது இதனால் விளங்கும்.

கலைஞர்களும் தாமதிக்கவில்லை. ரெனே பினே என்னும் கட்டடக்கலைஞர் 1900-ஆம் ஆண்டின் பாரிஸ் உலகப் பொருட்காட்சிக்கு எழுப்பிய பெருவாயில் ரேடியோலேரியாவின் அமைப்பைத் தழுவியது. நான்ஸி நகரின் எமில் காலே 1904-இல் பாசியும் சிப்பியும் படர்ந்த கையொன்றைக் கண்ணாடியில் வடித்தார். மொனாக்கோவில் இளவரசர் முதலாம் ஆல்பெர்ட் நிறுவி 1910-இல் திறந்த சமுத்திரவியல் பொருட்காட்சிசாலையில், கான்ஸ்டன்ட் ரூ அமைத்த சொறிமீன் வடிவச் சரவிளக்கு இன்றும் தொங்குகிறது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? ஒன்றைக் கட்டாயம் ஒதுக்கவேண்டும்: லாய்கார்ட்டையும் ஹெக்கலையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. லாய்கார்ட் கலைவடிவம் தேடிப் படம் வரையவில்லை; ஹெக்கலோ உயிரின் வடிவத்தில் சமச்சீரைத் தேடி, இயற்கையில் இருப்பதனினும் ஒழுங்காக அதனை வரைந்தார் என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளானார். கருவளர்ச்சிப் படங்களில் உண்மையைத் திரித்தார் என்ற கண்டனமும் 1868 முதலே அவர்மீது எழுந்தது. எனினும் இருவருக்கும் பொதுவான ஒரு நிர்ப்பந்தம் இருந்தது. சாராய ஜாடியில் உருக்குலைந்து கிடப்பதை உயிரோடு நீந்துவதாகக் காட்டவேண்டுமாயின், ஓவியன் நிறத்தையும் ஒளியையும் நிலையையும் தானே அமைக்கவேண்டும். அமைக்கும்போது எது விளக்கமாக இருக்குமோ அதனையே தேர்வான். விளக்கத்திற்காகத் தேர்ந்த தெளிவான கோடு, பிரிந்து நிற்கும் நிறம், சமநிலையான அடுக்கு, வெற்றிடம் ஆகிய இவையே கண்ணுக்கு இன்பமும் தருவன. கறுப்புப் பின்னணி இதற்குச் சிறந்த உதாரணம். ஆகவே, இப்படங்களில் அழகு உபயோகத்தின் உள்ளேயே பிறந்தது. இல்லச் சுவர் அதனைப் புதிதாக உண்டாக்கவில்லை.

5. வகுப்பறை கைவிட்டதும் வரவேற்பறை ஏற்றதும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் சுவர்ப்படத்தின் இடத்தை ஒளிப்படத் தகடு, திரைப்படம், ஒளியெறிகருவி முதலியன படிப்படியாகக் கவர்ந்தன. பாடநூல்களிலேயே வண்ணப்படம் மலிந்தது. விலங்கியல் போதனையும், உருவத்தையும் உறுப்பையும் ஒப்பிடுவதிலிருந்து மரபணுவுக்கும் உயிர்வேதியியலுக்கும் திரும்பியது. ஒரு படத்தில் எழுபது உறுப்புக்களைக் குறித்துக் காட்டும் பாடம் பழையதாயிற்று. சுருட்டி வைக்கப்பட்டிருந்த படங்கள் பரண்களிலும் நிலவறைகளிலும் கிடந்து சிதைந்தன, பல அப்புறப்படுத்தப்பட்டன. அவற்றுட் சிலவே வணிகர் கைக்கு வந்தன.

பாரிஸின் டெய்ரோல் நிறுவனம் இம்மாற்றத்தை ஒரே கூரையின்கீழ்க் காட்டுகிறது. 1831-இல் தோன்றி, 1888 முதல் பாக் தெருவின் 46-ஆம் இலக்கத்தில் இயங்கிவரும் அந்நிறுவனம், பிரெஞ்சு நாட்டில் 1881–82-ஆம் ஆண்டுச் சட்டங்களால் இலவசக் கட்டாயக் கல்வி ஏற்பட்ட காலத்தில் பள்ளிகளுக்குச் சுவர்ப்படம் அளிப்பதிற் பேர்பெற்றது. பள்ளிகள் வாங்குவதை நிறுத்தியபின்னும் அது மூடப்படவில்லை. அதே படங்களின் மறுபதிப்பை இல்லத்தாருக்கு விற்கிறது. 2008-இல் தீ விபத்திற் பெரும்பகுதி அழிந்தும் மீண்டெழுந்தது. வாங்குவோர் மாறினரேயன்றிப் பண்டம் மாறவில்லை.

வேறொரு காரணமும் உண்டு. ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடியும் என்னும் ஐரோப்பிய விதியின்படி, லாய்கார்ட்டின் படங்களும் ஹெக்கலின் படங்களும் ஃபுர்ட்ஷெல்லரின் படங்களும் இப்போது பொதுச்சொத்து. நூலகங்கள் அவற்றை மின்வடிவாக்கி எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கின்றன. ஆகவே, பிரதி செய்து விற்பவனுக்கு ஆசிரியர்க்கு அளிக்கவேண்டிய ஊதியமும் இல்லை, அனுமதி கோரவேண்டிய அவசியமும் இல்லை.

6. இழப்பு எங்கே?

அலங்காரமாவது தாழ்வன்று என்று கொண்டால், இழப்பே இல்லையா? உண்டு, அதனை மூன்று இடங்களிற் காணலாம்.

முதலாவது, குறி. வகுப்பறைச் சுவர்ப்படம் தனித்து நின்று பேசுவதன்று; ஆசிரியரின் கோலும் விளக்கச் சிறுநூலும் சேர்ந்தாலே அது முழுமையாகும். விளக்கநூலின்றித் தொங்கும் படத்தில், உறுப்புக்களின்மேல் நிற்கும் எழுத்துக்கள் எதையும் சுட்டாத வெறும் அடையாளங்களாகின்றன. புதிதாக வரையப்படும் 'பழம்பாணி'ப் படங்களில் இவ்வெழுத்துக்கள் ஒரு பொருளும் இன்றித் தோரணைக்காகவே இடப்படுவதும் உண்டு. மூலத்தாளின் மஞ்சள் நிறத்தை அவை போற்றிப் பின்பற்றுவதும் இதனோடு ஒப்பது. மூலப்படங்கள் வெளிவந்த நாளில் வெண்மையாகவே இருந்தன. மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலமும் லிக்னினும் மேற்பூச்சு வார்னிஷும் நாளடைவில் பழுத்தமையால் வந்த மஞ்சள் அது. கெடுதலின் அடையாளத்தைத் தொன்மையின் முத்திரையாக அச்சிடுவோர், லாய்கார்ட் தம் மாணவர்க்குக் காட்ட விரும்பிய நிறத்தையே மறைத்துவிடுகின்றனர்.

இரண்டாவது, வரிசை. சொறிமீனின் வாழ்க்கை முட்டையிலிருந்து நேரே சொறிமீனாவதன்று. முட்டையிலிருந்து வெளிப்படும் சிறு இளவுயிர் பாறையில் ஒட்டிக் கிண்ணம் போன்ற பாலிப்பாக வளர்கிறது. பாலிப்பு குறுக்கே பிளவுபட்டு, ஒன்றன்மேல் ஒன்றாய்த் தட்டுக்கள் அடுக்கினாற்போலாகி, ஒவ்வொரு தட்டும் கழன்று நீந்திச் சொறிமீனாகிறது. ஒட்டி வாழும் தலைமுறையும் நீந்தும் தலைமுறையும் மாறிமாறி வருதலை விளக்குவதே அப்படத்தின் கருத்து. வண்ணக்குடை போன்ற முதிர்ந்த உருவம் அதில் ஒரு பகுதி மட்டுமே. அலங்காரப் பிரதி அம்முதிர்ந்த உருவத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கும்போது, சமுத்திரம் கற்பித்த மிகவும் வியப்பான பாடம் மறைகிறது. சைஃபனோஃபோர் என்னும் கடற்சரமும் இவ்வாறே. பூமாலைபோல் நீண்டு தொங்கும் அதில் மிதப்பதற்கொன்று, உண்பதற்கொன்று, கொட்டுவதற்கொன்று, இனம்பெருக்குவதற்கொன்று எனத் தனித்தனி உறுப்பினர் சேர்ந்திருக்கின்றனர். அது ஓர் உயிரா, உயிர்களின் கூட்டமா என்னும் கேள்வியை 1851-இல் லாய்கார்ட் விரிவாக ஆராய்ந்து, தனியுயிர்கள் தொழிலுக்கேற்ப வெவ்வேறு வடிவம் கொள்கின்றன என்று நிறுவினார். அக்கேள்வி நீங்கிய சைஃபனோஃபோர் படத்தில் எஞ்சுவது மாலை மட்டுமே.

மூன்றாவது, தேர்வு. இதுவே மற்ற இரண்டினும் ஆழ்ந்த இழப்பு என்பது என் கருத்து. லாய்கார்ட்டின் பெருமைக்கு அடிப்படை கடலுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி மட்டுமன்று; ஒட்டுண்ணிகளைப் பற்றியதே அதனினும் பெரிது. பன்றியிறைச்சியின் வழியே மனிதரைப் பற்றும் டிரைக்கினா புழுவின் வாழ்க்கையையும், நாடாப்புழுக்களின் வாழ்க்கையையும், ஆட்டின் ஈரலைக் கெடுக்கும் தட்டைப்புழு நத்தையின் உடலில் வளரும் விதத்தையும் விளக்கியோருள் அவர் முன்னணியில் நிற்பவர். உணவுச் சோதனைச் சட்டங்களுக்கும் பொதுச் சுகாதாரத்திற்கும் அவ்வாராய்ச்சி பயன்பட்டது. அவருடைய சுவர்ப்படத் தொகுதியில் புழுக்களுக்கு உரிய இடம் அளிக்கப்பட்டிருக்கிறது; சொறிமீனுக்குக் காட்டிய அதே சிரத்தையுடன் நாடாப்புழுவின் தலைக்கொக்கிகளும் வரையப்பட்டிருக்கின்றன. ஆயினும் உணவறைச் சுவரில் நாடாப்புழுவை மாட்டுவார் இலர். மனிதகுலத்திற்கு அவர் ஆற்றிய முதன்மையான பணி எதுவோ அதுவே சந்தையில் விலைபோகாததாகி, சொறிமீன் படங்களாலேயே அவர் பெயர் நிலைக்கும் நிலை வந்திருக்கிறது. வகுப்பறை எல்லா உயிர்களையும் சமமாகப் பார்க்கப் பழக்கியது. இல்லம் விரும்பத்தக்கவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறது.

7. எதிர்வாதமும் அதன் வரம்பும்

இல்ல அலங்காரமே இப்படங்களைக் காப்பாற்றியது என்னும் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. விலை உண்டென்று தெரிந்தபின்னரே பல பரண்கள் திறக்கப்பட்டிருக்கும் என்று கருத இடமுண்டு. அழகின் காரணமாகப் பேணப்பட்ட ஒன்று மீண்டும் சாஸ்திரத்திற்கு உதவக்கூடும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கார்னெல் சர்வகலாசாலையின் ப்ளாஷ்கா கண்ணாடி உருவங்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு மூலமான உயிர்கள் இன்றும் கடலில் வாழ்கின்றனவா என்று தேடிப் புறப்பட்ட கடல் உயிரியலறிஞர் டிரூ ஹார்வெல், தம் தேடலை 2016-இல் நூலாக வெளியிட்டார். வெப்பமும் அமிலத்தன்மையும் ஏறிவரும் கடல்களில் எவை குறைந்தன என்று மதிப்பிடுவதற்குப் பழைய உருவங்கள் ஓர் அளவுகோலாயின.

ஆனால், அது சாத்தியமானதற்குக் காரணம் யாது என்று நோக்குதல் வேண்டும். அவ்வுருவங்கள் ஒரு கல்வி ஸ்தாபனத்தில், இன்ன உயிரின் உருவம் இது என்னும் பதிவோடு தொகுதியாக இருந்தன. பெயர் பிரிந்து, தொகுதி சிதறி, ஆளுக்கொன்றாய் வீடுகளிற் புகுந்திருப்பின் அத்தேடலுக்கு வழியே இல்லை. மீட்பு என்னும் வாதம் பொருளைக் காத்ததைச் சொல்கிறது. பொருளோடு சேர்ந்திருந்த அறிவைக் காத்ததாகச் சொல்ல அதற்கு உரிமை இல்லை.

8. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் புலனாவன இவை. கடலுயிர்ச் சுவர்ப்படங்களின் அழகு பிற்காலத்து அலங்கார நோக்கத்தால் வந்ததன்று. காட்ட இயலாததைக் காட்டவேண்டிய போதனைத் தேவையே அதனைப் பிறப்பித்தது. ஆதலின் அவற்றை வீட்டில் மாட்டுவதைச் சாஸ்திரத்திற்கு இழைக்கும் அபசாரம் என்று பழித்தல் பொருந்தாது. ஹெக்கலே அதைச் செய்தவர். அவ்வாறே, வீட்டில் மாட்டுவது ஒன்றே அவற்றைக் காப்பாற்றுவதாகும் என்று மகிழ்தலும் பொருந்தாது. குறியின் பொருளும், உருவங்களின் வரிசையும், அழகற்ற உயிர்களின் இடமும் அங்கே நழுவுகின்றன.

முதலிரண்டு இழப்புக்களுக்குப் பரிகாரம் எளிது. பிரதி வெளியிடுவோர் படத்தை வெட்டாமல், உயிரின் பெயரும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் குறித்து, எழுத்துக்குறிகளின் விளக்கத்தை ஒரு சிறு தாளாக உடனளித்தால் போதும். அதற்கு ஆகும் செலவு அற்பம். வாங்குவோர் அதனைக் கேட்கத் தொடங்கின் விற்போர் கொடுக்கவே செய்வர். மூன்றாவது இழப்பைச் சந்தையால் ஒருநாளும் ஈடுசெய்ய இயலாது. ஒரு நூலகம் இத்தொகுதிகளை மின்வடிவாக்க முற்படும்போது, பலரும் விரும்பிக் கேட்கும் கணவாயிலும் சொறிமீனிலும் தொடங்குதல் இயல்பு; பணமும் பொறுமையும் தீரும் இடத்தில் எஞ்சி நிற்பவை புழுக்களாகவே இருக்கும். அவற்றையும் சேர்த்து முழுத் தொகுதியாகப் பேணுவதே கல்வி ஸ்தாபனங்களின் கடமை. சொறிமீனைக் காப்பதற்கு ஆயிரம் வரவேற்பறைகள் இருக்கின்றன; நாடாப்புழுவுக்கு நூலகத்தைத் தவிர வேறு புகலிடம் இல்லை.